வள்ளலாரின் அருட்பெருஞ்ஜோதி அனுபவம்

நெய்வேலி நகரியத்தை அடுத்த வடலூர், மேட்டுக்குப்பம் பகுதியில் வாழ்ந்த, வள்ளலார் எனப்படும் இராமலிங்க அடிகள் (1823–1874) தம் பாடல்களில் பதிவுசெய்த இறையனுபவம்.

இயல்பு: இறைவனைப் பேரொளியாகவும் தனிப்பெருங்கருணையாகவும் உணர்தல். வடலூரில் 1872இல் திறக்கப்பட்ட சத்திய ஞான சபையில், தைப்பூசத்தன்று ஏழு திரைகள் நீக்கிக் காட்டப்படும் ஜோதி இவ்வனுபவத்தின் குறியீடு.

நம்பகத்தன்மை: அடிகளின் பாடல்களை அருட்பா (இறையருளால் எழுந்த பாடல்) என ஏற்கச் சைவ அறிஞர் ஆறுமுக நாவலர் மறுத்தார்; விவாதம் நீதிமன்றம் வரை சென்றது. 1874 சனவரி 30 அன்று மேட்டுக்குப்பத்தில் தாம் தங்கியிருந்த சித்திவளாக அறைக்குள் சென்ற அடிகள் மீண்டும் காணப்படவில்லை. அவர் ஒளியில் கலந்தார் என்பது அன்பர்களின் நம்பிக்கை. அதை மெய்ப்பிக்கவோ மறுக்கவோ புறச்சான்று இல்லை.

மதிப்பீடு: இத்தகைய அனுபவம் பெற்றவருக்கே அதிகாரமுடையது, பிறரைக் கட்டுப்படுத்தாது, அதன் மதிப்பை வாழ்வில் விளையும் பயனால் அளக்க வேண்டும் என்றார் அமெரிக்க மெய்யியலாளர் வில்லியம் ஜேம்ஸ் (1902). அவ்வகையில் வள்ளலாரின் அனுபவத்துக்கு வலுவான சான்று, பசித்தோர்க்கு உணவளிக்க 1867இல் அவர் தொடங்கிய சத்திய தருமச்சாலை. அங்கே சாதி, சமய வேறுபாடின்றி அன்னதானம் இன்றும் தொடர்கிறது.