படத்துக்குப் பின்னால் இருக்கும் எழுத்து

வலைத்தளத்தில் படம் போடுபவர்களுக்கு எல்லோரும் சொல்லும் முதல் அறிவுரை, "ஆல்ட் எழுதுங்க, கூகுளில் மேலே வரலாம்" என்பதுதான். ஆல்ட் என்பது படத்தோடு சேர்த்து நிரலில் எழுதும் சிறு விளக்கம். சாதாரணமாகத் திரையில் தெரியாது. ஆனால் இது தேடுபொறிக்காகப் பிறந்ததே அல்ல.

1993 பிப்ரவரியில் மார்க் ஆண்ட்ரீசன் இணையப் பக்கத்தில் படம் சேர்க்க ஒரு குறிச்சொல்லை முன்மொழிந்தார். அதே ஆண்டு வந்த மொசைக் உலாவி எழுத்தையும் படத்தையும் ஒன்றாகக் காட்டியது. லின்க்ஸ் போன்ற உலாவிகளிலோ எழுத்து மட்டும்தான். மோடம் வேகத்தில் ஒரு படம் இறங்குவதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம் என்பதால் பலர் படங்களையே நிறுத்தி வைத்திருந்தார்கள். படம் தெரியாத இடத்தில் நிற்கத்தான் ஆல்ட். 1995ல் எச்.டி.எம்.எல். 2.0 தரத்தில் இடம் பிடித்தது, 1997ல் 4.0 அதைக் கட்டாயமாக்கியது.

அதன் அருமை பார்வையற்றவர்களுக்குத்தான் தெரியும். ஆஸ்திரேலியாவின் புரூஸ் மாகுவைர் பிரெய்ல் கருவியில் விரலால் தடவி இணையம் படிப்பவர். சிட்னி ஒலிம்பிக்ஸ் தளத்தில் படங்களுக்கு ஆல்ட் இல்லாததால் பல பகுதிகள் தனக்கு எட்டவில்லை என்று 1999ல் மனித உரிமை ஆணையத்தில் புகார் கொடுத்தார். சரிசெய்ய நாளும் பணமும் நிறைய ஆகும் என்றது ஒலிம்பிக் குழு. ஆணையம் அதை ஏற்கவில்லை. போட்டி தொடங்கும் 2000 செப்டம்பர் 15க்குள் சரிசெய்யச் சொன்னது. முழுமையாகச் செய்யாததால் அவருக்கு 20,000 ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடு கிடைத்தது.

அதே 2000ல்தான் கிராமி விழாவுக்கு ஜெனிஃபர் லோப்பஸ் அந்தப் பச்சை உடையில் வந்தார். அதுவரை தாங்கள் பார்த்ததிலேயே மிக அதிகமான தேடல் அந்த உடைக்குத்தான் என்று 2015ல் எரிக் ஷ்மிட் எழுதினார். கேட்டவர்களுக்குப் படத்தைக் காட்ட அன்று கூகுளிடம் வழியில்லை. 2001 ஜூலையில் படத்தேடல் வந்தது, சுமார் 25 கோடி படங்களோடு. தேடுபொறிக்கும் கண் கிடையாதே! கோப்பின் பெயர், பக்கத்தில் இருக்கும் வரிகள், ஆல்ட் ஆகியவற்றை வைத்துத்தான் இது என்ன படம் என்று ஊகித்தது.

2006ல் கூகுள் ஒரு விளையாட்டே நடத்தியது. முன்பின் தெரியாத இருவருக்கு ஒரே படம். இருவரும் ஒரே சொல்லைத் தட்டினால் புள்ளி. கூலி இல்லாமல் படங்களுக்குப் பெயர் கிடைத்துவிட்டது. பி.காம். படிக்கும் எனக்கு இது கொஞ்சம் பொறாமையாகவே இருக்கிறது :-)

வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? ஒரே ஒரு ஷூ படத்துக்கு "ஷூ, மலிவு ஷூ, ஷூ வாங்க, சிறந்த ஷூ" என்று ஆல்ட்டில் அடைத்தார்கள். இப்படி அடைப்பதைத் தவிர்க்கும்படி கூகுளின் வழிகாட்டியே சொல்கிறது. இன்று கணினி படத்தை ஓரளவு தானே அடையாளம் காண்கிறது, ஆனாலும் கூகுள் ஆல்ட்டையும் பார்க்கிறது. அந்த ஷூ பக்கத்தைத் திரைவாசிப்பானில் திறப்பவருக்கு மட்டும், படம் வரும்போதெல்லாம் அந்த நான்கு ஷூவும் வரிசையாகக் காதில் விழும்.