காஞ்சிப் பட்டும் கவின்கலைப் பட்டமும்

கவின்கலைக் கல்லூரி மாணவர்கள் காஞ்சிபுரம் வந்தால் தவறாமல் போகும் இடம் கைலாசநாதர் கோயில். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் எடுப்பித்த அக்கோயிலின் சிற்றாலயங்களில், சுதைப் பூச்சின்மேல் ஓவியங்கள் எஞ்சியிருப்பதை 1931இல் ஆய்வாளர் ழூவோ துப்ராய் கண்டறிந்தார். வண்ணம் உதிர்ந்து கோடு மட்டும் நிற்கும் சோமாஸ்கந்தர் முன்னால் மாணவர்கள் உட்கார்ந்து வரைவதில் முழு நியாயம் இருக்கிறது. ஆனால் அதே ஊரின் நெசவுத் தெருக்களில் இன்றும் புழங்கும் வரைகலையை, பட்டுச்சேலைக்கு உரு அமைக்கும் கலையை, ஓவிய மாணவர் தம் பாடமாக நினைப்பதில்லை. இந்தப் பிரிவினையைக் கலை விதிக்கவில்லை, கல்வி நிர்வாகமே உண்டாக்கியது என்பது இக்கட்டுரையின் வாதம்.

சென்னை ஓவியப் பள்ளியை 1850இல் தொடங்கிய அலெக்சாண்டர் ஹண்டர் ஒரு மருத்துவர். விரைவில் அரசின் கைக்கு வந்த அப்பள்ளி நெடுங்காலம் தொழிற்கலைப் பள்ளியாகவே நடந்தது. 1884இல் பொறுப்பேற்ற ஈ.பி. ஹாவெல் மாகாணத்தின் கைத்தொழில்களை நேரில் சென்று பார்த்து அறிக்கைகள் எழுதினார். 1898இல் ஆல்ஃபிரட் சாட்டர்டன் அப்பள்ளியில்தான் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கிவைத்தார். 1929இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி தலைமையேற்றபின் ஓவியமும் சிற்பமும் முன்னுக்கு வந்தன. அது தேவையான மாற்றம். கைவினைஞரை உற்பத்திக்கான ஆள் என்று மட்டும் பார்த்த காலனியக் கண்ணோட்டத்துக்கு எதிராகக் கலைஞரின் தன்மதிப்பை அது நிலைநாட்டியது. அதற்கு நாம் கொடுத்த விலை, தறியும் சூளையும் இரண்டாம் தட்டுக்குப் போனது. பட்டப்படிப்பு வந்தபோது ஓவியம், சிற்பம், துகில் வடிவமைப்பு, பீங்கான் வடிவமைப்பு எனத் துறைகள் தனித்தனியாகப் பிரிந்தன. 2013இல் இசைக்கும் கவின்கலைக்கும் தமிழ்நாட்டில் தனிப் பல்கலைக்கழகம் அமைந்து, சென்னை, கும்பகோணம் கவின்கலைக் கல்லூரிகள் அதனுடன் இணைந்த பிறகும் அந்தப் பிரிவு அப்படியே நீடிக்கிறது. துகில் மாணவர் தறியைப் பார்ப்பார், ஓவிய மாணவர் பார்க்க மாட்டார்.

ஓவிய மாணவர் எதை இழக்கிறார்? சேலைக் கரைக்கு ஓர் அன்னம் வரைவதை எடுத்துக்கொள்வோம். வெள்ளைத் தாளில் அன்னத்தின் கழுத்து ஒரே இழுப்பில் வளைந்துவிடும். கிராஃப் தாளில் அதே கழுத்து படிப்படியாக ஏறும் கட்டங்களாக வேண்டும். குறுக்கே ஓடும் ஒவ்வொரு கட்ட வரிசையும் ஓர் ஊடை. அதற்கென ஓர் அட்டை துளையிடப்பட்டுத் தறியின் ஜக்கார்டு கருவியில் ஏறும். அங்குலத்துக்குப் பாவிழை எத்தனை, ஊடை எத்தனை என்ற கணக்குத் தெரியாமல் வரைந்தால், தாளில் வட்டமாயிருந்த மயில்கண் சேலையில் நீண்டோ நசுங்கியோ விழும். சரிகை அதிக தூரம் பிடிப்பில்லாமல் மிதந்தால் வளையலில் மாட்டி இழுபடும். ஆகவே இறகின் நடுவே எங்கெங்கே சரிகையைக் கட்டி நிறுத்துவது என்பதையும் வரைபவரே முடிவு செய்கிறார். அப்படிக் கட்டிய புள்ளிகள்தாம் இறகின் வரிகளாகக் கண்ணுக்குத் தெரிகின்றன. கோர்வைச் சேலையிலோ உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கும் ஒவ்வொரு நாடா என மூன்று ஓடுகின்றன. நெய்பவரும் பக்கத்தில் உட்கார்ந்து நாடா போடுபவரும் ஊடைக்கு ஊடை கரையை உடலோடு கோத்துக்கொண்டே போகிறார்கள். உடலும் கரையும் சந்திக்கும் அந்த எல்லையில்தான் தாழம்பூ ரேக்கு கூர்கூராக எழுகிறது. எது உருவம், எது பின்புலம் என்று ஓவிய வகுப்பில் வாரக்கணக்கில் விளக்குவதை அந்த ஒரு கரை காட்டிவிடும்.

மரபுக் கலையைப் பல்கலைக்கழகம் ஏற்காது என்று சொல்வதற்கில்லை. மாமல்லபுரத்தில் 1957இல் தொடங்கிய அரசு சிற்பப் பயிற்சி நிறுவனம் கல்லூரியாகிப் பட்டமும் வழங்குகிறது. குமரியின் 133 அடி வள்ளுவர் சிலையை அமைத்த கணபதி ஸ்தபதி அதை நெடுங்காலம் வழிநடத்தினார். ஸ்தபதிக்குக் கிடைத்த இடம் நெசவு வரைவாளருக்கு ஏன் கிடைக்கவில்லை? மயமதம், மானசாரம் போன்ற ஏடுகள் சிற்பிக்குத் துணை நின்றன என்பது என் கணிப்பு. ஏடு இருந்தால் வினாத்தாள் அமைக்கலாம். நெசவு வரைவாளரின் அறிவு கட்டங்களிலும் கைப்பழக்கத்திலும் தங்கிவிட்டதால், மூன்று மணி நேர எழுத்துத் தேர்வால் அதை அளக்க முடியவில்லை. அளக்க முடியாததை நம் கல்வி பாடமாக வைப்பதில்லை.

சேலை சந்தைக்கானது, ஓவியம் சுய வெளிப்பாடு என்ற மறுப்பு எழும். 1966இல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் உருவான சோழமண்டலம் ஓவியர் கிராமத்தின் வரலாறே அதற்கு விடை. அங்கிருந்த ஓவியர்கள் பாத்திக் துணியும் பிற கைவினைப் பொருள்களும் செய்து விற்றுத்தான் தங்கள் ஓவியத்தைக் காத்துக்கொண்டார்கள். சாந்திநிகேதனில் பயின்று பரோடாவில் கற்பித்த கே.ஜி. சுப்ரமணியன் 1959 முதல் 1961 வரை கைத்தறி வாரியத்தில் வடிவமைப்புப் பணியில் இருந்தார். அதனால் அவருடைய ஓவியம் குறைந்துபோகவில்லை. இதைவிடக் கனமான மறுப்பு வேறொன்று உண்டு. மாணவர் வருவார், உருவை எடுத்துக்கொண்டு போவார், நெசவாளருக்கு என்ன மிஞ்சும்? கூலி போதாமல் பிள்ளைகள் தறியை விட்டு விலகும் வீடுகளிலிருந்து வரும் இந்தக் கேள்வியைப் பாடத்திட்டக் குழு தட்டிக்கழிக்கக் கூடாது.

மாணவர் உருவை எடுத்துக்கொண்டு போய்விடாமல் நெசவாளர் அருகிலேயே தங்கிப் பயில வேண்டும் என்பதால்தான் காஞ்சி நகரையொட்டிய ஏனாத்தூரை நான் முன்வைக்கிறேன். 1993இல் நிகர்நிலைத் தகுதி பெற்ற ஸ்ரீ சந்திரசேகரேந்திர சரஸ்வதி விஸ்வ மகாவித்யாலயா அங்கே சமஸ்கிருதத்தையும் பொறியியலையும் ஒரே வளாகத்தில் கற்பிக்கிறது. ஏட்டுக் கல்வியும் கணினியும் கூடும் அந்த இடத்துக்குத் தறி வெகுதூரத்தில் இல்லை. சென்னை, கும்பகோணம் மாணவர்கள் ஒரு பருவம் முழுவதும் இங்கே தங்கிப் பயில ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். ஆசிரியர் தகுதியும் இனித் தடையாகாது. பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் வெளியிட்ட நெறிமுறைகள், 15 ஆண்டு அனுபவமுள்ள துறை வல்லுநரைப் பட்டம் இல்லாவிட்டாலும் பேராசிரியராக அமர்த்த இடம் தருகின்றன. அந்த இருக்கையில் மூத்த உரு வரைவாளர் ஒருவர் உட்கார வேண்டும், மதிப்பெண் போடும் அதிகாரத்தோடு. தேர்வுக்கு மாணவர் தரவேண்டியவை மூன்று: கிராஃப் தாள், துளையிட்ட அட்டைக் கட்டு, அதிலிருந்து நெய்த ஒரு முழம் பட்டு. நெய்தவருக்கு முழுக் கூலி கல்லூரிக் கணக்கிலிருந்து போகட்டும். வரைந்தவர் பெயரும் நெய்தவர் பெயரும் ஒரே வரியில் பதிவேட்டில் ஏறட்டும்.