திறன்–எடை விகிதமும் ஸ்போர்ட்ஸ் காரின் முடுக்கமும்

எஞ்சினின் உச்சத் திறனை வாகனத்தின் எடையால் வகுத்தால் கிடைப்பது திறன்–எடை விகிதம். ஒரு டன்னுக்கு இத்தனை குதிரைத்திறன் என்றோ, ஒரு குதிரைத்திறனுக்கு இத்தனை கிலோ என்றோ இதைக் குறிப்பார்கள். ஒரு ஸ்போர்ட்ஸ் கார் எவ்வளவு விரைவில் வேகம் பிடிக்கும் என்று ஊகிக்க இதைவிட எளிய அளவுகோல் இல்லை. ஆனால் முதல் இரண்டு மூன்று விநாடிகளுக்கு இது பொருந்தாது; அங்கே எல்லை வகுப்பது டயர்.

குதிரைத்திறன் என்ற அலகை, நீராவி எந்திரங்களின் வேலையைக் குதிரைகளின் வேலையோடு ஒப்பிடுவதற்காக ஜேம்ஸ் வாட் 18-ஆம் நூற்றாண்டில் வகுத்தார். பிரிட்டன், அமெரிக்கக் கணக்கில் அது சுமார் 746 வாட். ஐரோப்பாவின் மெட்ரிக் குதிரைத்திறன் 735.5 வாட், அதாவது 75 கிலோ எடையை ஒரு விநாடியில் ஒரு மீட்டர் உயர்த்தும் திறன். இக்கட்டுரையில் வருவது மெட்ரிக் அளவு.

நியூட்டனின் இரண்டாம் விதிப்படி, விசையை நிறையால் வகுத்தால் முடுக்கம். எடை குறைந்தால் முடுக்கம் கூடும் என்பது இதிலிருந்தே தெரிகிறது. குதிரைத்திறனின் பங்கு சற்று நுட்பமானது. திறன் என்பது விசையையும் வேகத்தையும் பெருக்கிய தொகை. திறன் மாறாமல் இருக்க, வேகம் இரட்டித்தால் காரைத் தள்ளும் விசை பாதியாகிவிடும். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் முதுகை இருக்கையோடு அழுத்திய கார் 150-ஐத் தாண்டியதும் தளர்வது இதனால்தான். டார்க் (முறுக்குவிசை) முக்கியமா, குதிரைத்திறன் முக்கியமா என்று கார் பிரியர்கள் ஓயாமல் வாதிடுவதுண்டு. கியர் பெட்டி டார்க்கைப் பெருக்கிக் கொடுக்கும். திறனைப் பெருக்க அதனால் முடியாது. ஆகவே குறிப்பிட்ட ஒரு வேகத்தில் சக்கரத்துக்குக் கிடைக்கும் விசையைத் தீர்மானிப்பது அந்தக் கணத்தில் எஞ்சின் தரும் குதிரைத்திறனே.

எடையின் விளைவைத் தனியே பிரித்துக் காண போர்ஷே 911 கரேரா ஆர்எஸ் 2.7 நல்ல வாய்ப்பு. 1973-ஆம் ஆண்டு மாடலான இது, 210 குதிரைத்திறன் கொண்ட ஒரே எஞ்சினோடு இரண்டு வடிவங்களில் விற்கப்பட்டது. மெல்லிய தகடு, மெல்லிய கண்ணாடி, பின்னிருக்கை இல்லாத உட்புறம் என்று இளைக்கவைத்த 'ஸ்போர்ட்' 960 கிலோ. வசதிகள் கொண்ட 'டூரிங்' 1,075 கிலோ. பூஜ்யத்திலிருந்து 100 கி.மீ. வேகத்தை எட்ட முதலாவதற்கு 5.8 விநாடி, இரண்டாவதற்கு 6.3 விநாடி என்பது போர்ஷே தரும் அளவு. எடை 12 சதவீதம் கூடியபோது நேரம் 9 சதவீதம்தான் கூடியிருக்கிறது. புறப்படும்போது டயர் வழுக்குவதிலும் கியர் மாற்றுவதிலும் போகும் நேரம் எடையோடு சேர்ந்து வளர்வதில்லை.

அந்த டயர் எல்லை எவ்வளவு இறுக்கமானது என்பதை 1992-இல் அறிமுகமான மெக்லாரன் எஃப்1, 2005-இல் வந்த புகாட்டி வேரான் இரண்டையும் அருகருகே வைத்தால் காணலாம். கோர்டன் மர்ரி வடிவமைத்த மெக்லாரன் 1,138 கிலோ, 627 குதிரைத்திறன். வேரான் 1,888 கிலோ, 1,001 குதிரைத்திறன். ஓட்டுநருக்கு 75 கிலோ சேர்த்து, 100 கி.மீ. வேகத்துக்குத் தேவையான இயக்க ஆற்றலைத் திறனால் வகுத்தால் இரண்டுக்குமே ஏறத்தாழ ஒரு விநாடிதான் வருகிறது. நடப்பது வேறு. வேரான் அந்த வேகத்தை 2.5 விநாடியில் எட்டியது. மெக்லாரனோ 1994-இல் 'ஆட்டோகார்' இதழ் சோதித்தபோது மணிக்கு 60 மைல், அதாவது 97 கி.மீ. வேகத்தை எட்டவே 3.2 விநாடி எடுத்துக்கொண்டது. வேரானில் நான்கு சக்கரங்களும் தள்ளுகின்றன. மெக்லாரனில் பின்சக்கரங்கள் மட்டும். இரண்டிலுமே எஞ்சின் தரக்கூடிய திறனில் பெரும்பகுதி புறப்பாட்டின்போது சாலையில் இறங்குவதில்லை.

உராய்வுக் கெழு 1 என்று கொண்டால், நான்கு சக்கரமும் தள்ளும் காரின் உச்ச முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்துக்குச் சமம், 100 கி.மீ. வேகத்துக்கு 2.8 விநாடி. இந்தக் கணக்கில் எடை அடிபட்டுப்போகிறது: கனமான கார் டயரை அதே விகிதத்தில் அழுத்துவதால் பிடிப்பும் கூடிவிடுகிறது. 2,295 கிலோ எடையுள்ள மின்சார போர்ஷே டைகான் டர்போ எஸ், 761 குதிரைத்திறனோடு சரியாக 2.8 விநாடியில் 100-ஐத் தொட்டது இப்படித்தான்.

வேகம் ஏற ஏற நிலைமை மாறுகிறது. இயக்க ஆற்றல் வேகத்தின் இருபடியில் வளர்வதால், 100-இலிருந்து 200-க்குப் போக, பூஜ்யத்திலிருந்து 100-க்குத் தேவைப்பட்டதைப்போல் மூன்று மடங்கு ஆற்றல் வேண்டும். டயர் வழுக்கும் வேகத்தைக் கார் கடந்துவிட்டது. இங்கே திறன்–எடை விகிதம் முழுமையாக ஆள்கிறது. அதற்கும் மேலே காற்றுத் தடை. அதை வெல்லத் தேவையான திறன் வேகத்தின் முப்படியில் பெருகுவதால், உச்ச வேகத்தில் எடைக்கு அநேகமாகப் பங்கில்லை.

விகிதத்தை உயர்த்த இரண்டு வழிகள் உண்டென்றாலும் இரண்டும் சமமல்ல. திறனைக் கூட்டினால் குளிர்விப்பும் பிரேக்கும் டயரும் பெரிதாக வேண்டும். வேரான் பத்து ரேடியேட்டர்களைச் சுமந்தது. எடையைக் குறைத்தால் முடுக்கத்தோடு பிரேக் பிடிப்பதும் வளைவில் திரும்புவதும் சேர்ந்தே மேம்படும். எடைக் குறைப்பே மேலான வழி என்பதற்கு, காலின் சாப்மன் நிறுவிய லோட்டஸின் கார்கள் வலுவான சான்று. 1996-இல் வந்த எலீஸ் காரின் அடிச்சட்டம், அலுமினியத் துண்டுகளைப் பசையால் ஒட்டிச் செய்தது. எடை 68 கிலோதான். முழுக் காரும் 725 கிலோ அளவில் நின்றதால், 120 குதிரைத்திறனே போதும் என்றாகி, 210 குதிரைத்திறன் கொண்ட ஆர்எஸ் காரோடு ஏறக்குறைய ஒப்பிடத்தக்க 6 விநாடியில் 100-ஐ எட்டியது. மறுமுனையில், 2014-இல் ஸ்வீடனின் கோனிக்செக் வெளியிட்ட ஒன்:1 கார் 1,360 கிலோவுக்கு 1,360 குதிரைத்திறன் தந்தது, கிலோவுக்கு ஒன்று.

விளம்பர எண்களை ஒப்பிடும்போது அளவீட்டு முறையையும் பார்க்க வேண்டும். சில நிறுவனங்கள் திரவங்கள் ஊற்றாத வெற்று எடையைச் சொல்லும். ஐரோப்பிய ஒன்றிய முறை 75 கிலோ ஓட்டுநரையும் சேர்க்கும். அமெரிக்க டிராக் பந்தய மரபில் முதல் ஓரடி தூரத்தைக் கடக்கும் நேரம் கணக்கில் வராது. அதனால் மட்டும் சுமார் கால் விநாடி குறைந்து தெரியும்.