துண்டும் பேரும்: ஊவாத் தோட்டங்களில் எழுத்து அழிந்த வரலாறு

சொல் காற்றோடு போகும், எழுத்து நிற்கும் என்பது மக்கள் நெடுங்காலமாகக் கொண்டிருந்த நம்பிக்கை. வாயாற் கூறியதை ஒருவர் மறுத்துவிடலாம். ஓலையிலோ தாளிலோ எழுதிக் கொடுத்ததை மறுத்தல் எளிதன்று. இன்று அந்த நம்பிக்கை தளர்ந்து வருகின்றது. கைத்தொலைபேசி வழியாக ஒருவர் மற்றொருவருக்கு விடுத்த செய்தியை, விடுத்தவரே குறித்த காலத்துக்குள் இருவர் கருவிகளிலிருந்தும் ஒருங்கே நீக்கிவிட முடிகின்றது. வாட்ஸ்அப் என்னும் செயலி இவ்வசதியை 2017ஆம் ஆண்டில் அளித்தது. செய்தி இருந்த இடத்தில், அது நீக்கப்பட்டது என்ற குறிப்பு மட்டும் எஞ்சும். பெற்றவரின் இசைவு வேண்டியதில்லை. விடுத்தவரின் விருப்பமே போதும்.

இது புதுமைபோலத் தோன்றினும் இதனுள் அடங்கிய வினா மிகப் பழையது. எழுதப்பட்டதை அழிக்கும் உரிமை எவருக்கு உரியது? எழுதியவருக்கா, அன்றி எவரைக் குறித்து எழுதப்பட்டதோ அவருக்கா? இவ்வினாவின் பயனை இலங்கையின் ஊவா மாகாணத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர் தம் வாழ்க்கையில் நேராகக் கண்டறிந்தனர்.

பதுளை நகரின் பொது நூலகத்தருகே பழைய கல்தூண் ஒன்று நிற்கின்றது. கி.பி. 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சிங்களக் கல்வெட்டு அதன் பக்கங்களில் வெட்டப்பட்டுள்ளது. ஹோப்பிட்டிகம என்னும் சந்தை ஊரின் வணிகரும் குடிகளும் அதிகாரிகள் தம்மிடம் முறையின்றிப் பொருள் பறிப்பதாக அரசனிடம் முறையிட்டனர். அம்முறையீட்டைக் கேட்ட அரசன் விதித்த கட்டளைகளே அத்தூணில் உள்ளன. கட்டளையை ஓலையில் எழுதி அதிகாரியிடம் கொடுத்திருந்தால், அந்த அதிகாரியே அதனை மறைத்திருக்கலாம். கல்லில் வெட்டி நிறுத்தியமையால், அது எவருடைய காவலுக்காக எழுதப்பட்டதோ அவர்கள் கண்முன்னே நின்றது. எழுத்து எளியோரைக் காத்ததற்கு அத்தூண் ஒரு சான்று.

அதே மலைநாட்டில் ஏறத்தாழத் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னர் வேறொரு வகை எழுத்து வழக்கத்துக்கு வந்தது. அது கல்லன்று, சிறு காகிதம். அதன் பெயர் துண்டு.

19ஆம் நூற்றாண்டில் ஊவாவின் மலைச்சரிவுகளில் காப்பித் தோட்டங்கள் பரவின. 1869ஆம் ஆண்டில் இலங்கையிற் காணப்பட்ட இலைநோய் காப்பியைப் படிப்படியாக அழித்தது. அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. ஊவா 1886ஆம் ஆண்டில் தனி மாகாணமாக்கப்பட்டது. 1890ஆம் ஆண்டில் தோமஸ் லிப்டன் அப்புத்தளைக்கு அருகில் தம்பேதன்னைத் தோட்டத்தை வாங்கினார். இருப்புப்பாதை 1894ஆம் ஆண்டில் பண்டாரவளையையும் 1924ஆம் ஆண்டில் பதுளையையும் எட்டியது. பசறை, நமுனுகுலை, லுணுகலை, மடுல்சீமை, ஹாலி-எல, தெமோதரை முதலிய இடங்களெல்லாம் தேயிலையாற் பெயர் பெற்றன. அத்தேயிலையை நட்டுக் கொழுந்து பறித்தவர்கள் தமிழ்நாட்டின் திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து வந்த மக்கள்.

அவர்களை அழைத்து வந்தவர் கங்காணி. ஊரைவிட்டுப் புறப்படும்போதே வழிச்செலவும் வீட்டுக் கடனைத் தீர்க்கும் பணமும் முன்பணமாகக் கொடுக்கப்பட்டன. தோட்டம் கங்காணிக்குக் கொடுத்தது. கங்காணி தொழிலாளிக்குக் கொடுத்தார். ஆகவே தொழிலாளி தோட்டத்தில் முதல்நாட் கூலியைப் பெறுமுன்னரே கடனாளி ஆனான். கடனின் கணக்கு கங்காணியின் கையில் இருந்தது. எழுதப் படிக்க அறியாத தொழிலாளிக்கு அதில் எவ்வளவு எழுதப்பட்டிருந்தது என்பதைச் சரிபார்க்க வழியில்லை.

தோட்டம் மாற விரும்பிய கங்காணியும் அவர்கீழ் இருந்த தொழிலாளரும் துரையிடம் துண்டு கேட்டனர். இத்தனை ஆட்களின் கடன் இவ்வளவு ரூபாய். இதனைச் செலுத்துவோருக்கு இவர்கள் விடுவிக்கப்படுவர் என்று துரை ஒரு சிறு தாளில் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுப்பார். கங்காணி அதனை எடுத்துக்கொண்டு வேறு தோட்டங்களை நாடிச் செல்வார். ஆள் தேவைப்பட்ட மற்றொரு துரை அத்தொகையைச் செலுத்துவார். உடனே ஆட்கள் இடம் மாறுவர். கடன் தீர்ந்துவிட்டதா என்றால் இல்லை. பழைய தோட்டத்துக்குத் தீர்ந்த கடன் புதிய தோட்டத்தின் ஏட்டில் மீண்டும் எழுதப்பட்டது. ஆட்களுக்கான போட்டி மிகுந்தபோது துண்டின் தொகையும் ஏறியது. மலைக்கு மலை மாறிய தொழிலாளிக்கு அக்கடனும் மலைக்கு மலை தொடர்ந்தது.

துண்டு உண்மையில் ஒரு துரை மற்றொரு துரைக்கு விடுத்த செய்தியாகும். அதனைச் சுமந்து சென்றவர்கள் அச்செய்தியின் பொருளாக இருந்தவர்களே. ஆயினும் அதில் ஓர் எழுத்தையேனும் மாற்றவோ அழிக்கவோ அவர்களால் இயலாது. துண்டின்றிப் புறப்படின் வேறு தோட்டத்தில் இடம் கிடைத்தல் அரிது. முன்னறிவிப்பின்றி வேலையை விட்டு நீங்குதல் 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தச் சட்டத்தின்படி தண்டனைக்குரிய குற்றமாகவும் இருந்தது. கூலி வேலையை விட்டுச் சென்றவன் சிறைக்குச் செல்ல நேர்ந்தது. துண்டு என்னும் தமிழ்ச் சொல்லை ஆங்கில ஆட்சியாளர் மொழிபெயர்க்கவுமில்லை. தம் சட்டங்களிலும் அறிக்கைகளிலும் அப்படியே எழுதி வைத்தனர்.

தோட்டத்தில் எழுத்து ஆண்ட மற்றோர் இடம் செக்ரோல் என்னும் பதிவேடு. விடியற்காலையில் தப்பு ஒலித்ததும் ஆணும் பெண்ணும் பெரட்டுக்களத்தில் கூடுவர். வேலைக்கு வந்தவர்க்குப் பேர் போடப்படும். பேர் என்பது தோட்ட வழக்கில் ஒரு நாட் கூலி. எடை குறைந்தாலோ வேலை குறைந்தாலோ அரைப்பேர். பேர் இல்லையாயின் அந்த நாள் முழுதும் மலையில் நின்றிருந்தாலும் ஏட்டின்படி அவள் வேலை செய்யவில்லை. ஒரு கோட்டினால் ஒரு நாளின் உழைப்பையே நீக்கிவிடக்கூடிய பேனா அங்கே இருந்தது. அது தொழிலாளியின் கையில் இருக்கவில்லை.

துண்டை எதிர்த்துக் குரல் கொடுத்தோருள் முதன்மையானவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம். 1919ஆம் ஆண்டில் இலங்கைத் தொழிலாளர் நலவுரிமைச் சங்கத்தை நிறுவிய அவர், தொழிலாளியைச் சிறைக்கு அனுப்பும் சட்டப் பிரிவுகளையும் துண்டு முறையையும் நீக்குமாறு விடாது வற்புறுத்தினார். இந்தியாவிலும் கடல்கடந்து சென்ற தொழிலாளரின் நிலைபற்றிய கவலை வளர்ந்தது. 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தினால் துண்டு ஒழிக்கப்பட்டது. அழியவேண்டிய எழுத்து ஒன்று அன்று அழிந்தது. அது துரைகளின் விருப்பத்தால் தானாக அழிந்ததன்று. வெளியிலிருந்து எழுந்த குரல்களும் சட்டமும் சேர்ந்து அதனை அழித்தன. அதன் பின்னர் கோ. நடேசய்யர் போன்றோர் பத்திரிகைகள் வாயிலாகவும் தொழிற்சங்கத்தின் வாயிலாகவும் தொழிலாளரிடையே எழுத்தையும் உரிமை உணர்வையும் பரப்பினர்.

துண்டு ஒழிந்து ஒரு தலைமுறை கழிந்தபோது வரலாறு மறுபக்கம் திரும்பியது. 1947ஆம் ஆண்டின் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் எழுவர் பாராளுமன்றத்துக்குத் தெரிவாயினர். அவர்களுள் ஒருவர் பதுளைத் தொகுதியில் வென்ற எஸ். எம். சுப்பையா. தேயிலைச் செடிகளிடையே வாழ்ந்த மக்களின் பெயர்கள் வாக்காளர் இடாப்பில் இருந்தமையால் அது நிகழ்ந்தது.

அவ்வெழுத்து நிலைக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், இலங்கையிற் பிறந்தமை ஒன்றே பிரஜையாவதற்குப் போதாது என்றது; தந்தையும் இங்கே பிறந்திருத்தல் வேண்டும், அல்லது பாட்டனும் பூட்டனும் பிறந்திருத்தல் வேண்டும் என்றது. அதனைக் காட்டும் தாள் வேண்டும். லயத்துக் காம்பராவில் பிறந்து லயத்திலேயே இறந்த முன்னோரின் பிறப்புச் சான்றைப் பெரும்பாலான குடும்பங்கள் எங்கே தேடும்? 1949ஆம் ஆண்டில் தேர்தற் சட்டமும் திருத்தப்பட்டது. பிரஜைகள் அல்லாதோர் வாக்குரிமையை இழந்தனர். 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் பதுளையிலும் ஏனைய தோட்டத் தொகுதிகளிலும் முன்னர் வாக்களித்த ஆயிரக்கணக்கானோரின் பெயர்கள் இடாப்பில் இல்லை. இலங்கை இந்தியக் காங்கிரசுக்கு ஓர் இடமும் கிட்டவில்லை. எவரும் மலையைவிட்டுப் போய்விடவில்லை. அதே கைகள் அதே செடிகளில் கொழுந்து பறித்தன. ஏட்டில் மட்டும் அவர்கள் இல்லாதவர் ஆயினர்.

1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டம் ஒரு வாயிலைத் திறந்தது. 1946ஆம் ஆண்டுத் தொடக்கத்துக்கு முன்னர் மணமானோர் ஏழாண்டும் மணமாகாதோர் பத்தாண்டும் இடைவிடாது இந்நாட்டில் வதிந்ததை மெய்ப்பிக்க வேண்டும். சுமார் 2,37,000 விண்ணப்பங்கள் வந்தன; அவை எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோரைக் குறித்தவை. இறுதியிற் பிரஜாவுரிமை பெற்றோர் ஏறக்குறைய 1,34,000 பேரே. ஊருக்குச் சென்று திரும்பிய காலமும், ஏட்டில் விடுபட்ட மாதமும், ஒரே பெயர் இரு தாள்களில் இரு விதமாக எழுதப்பட்டதும் ஒருவரின் வாழ்நாள் வதிவையே ஐயத்துக்கு உள்ளாக்கக் கூடியனவாக இருந்தன. முன்னர்க் கடனைக் காட்டும் துண்டு தவறாமல் பேணப்பட்டது. இப்போது உரிமையைக் காட்டும் தாள் கிடைக்காமற் போனது.

1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் செய்யப்பட்ட சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரை எண்ணிக்கையாகப் பிரித்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டில் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டன. அண்ணன் ஒரு கரையிலும் தங்கை மறு கரையிலுமாகக் குடும்பங்கள் பிரிந்தன. ஊவா மலையிலிருந்து புகையிரதம் ஏறித் தலைமன்னாரை அடைந்து கப்பலேறியவர்களுக்கும் பின்தங்கியவர்களுக்கும் இடையே கடிதமே உறவாக இருந்தது.

நாடற்றோர் நிலைக்கு முடிவு நெடுநாட் கழித்தே வந்தது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வதிந்த இந்திய வம்சாவளியினரும் அவர்தம் வழித்தோன்றல்களும் பிரஜைகள் என்று அறிவித்தது. பாட்டனின் பிறப்புச் சான்றை அச்சட்டம் கேட்கவில்லை. 1948ஆம் ஆண்டில் நீங்கிய பெயர்கள் முழுமையாகத் திரும்ப ஐம்பத்தைந்து ஆண்டுகள் சென்றன. 2015ஆம் ஆண்டுத் தேர்தலில் பதுளை மாவட்டத்திலிருந்து மலையகத் தமிழர் இருவர் பாராளுமன்றம் சென்றனர்.

இவ்வரலாற்றை ஒருங்கே நோக்குவோர்க்கு ஒன்று புலனாகும். அழித்தல் தன்னளவில் நன்றுமன்று, தீதுமன்று. துண்டு அழிந்தது நன்மை. இடாப்பிற் பெயர் அழிந்தது தீமை. இரண்டிலும் எழுதும் கையும் அழிக்கும் கையும் தொழிலாளியின் கை அல்ல. எழுத்து எவர் வாழ்க்கையைக் கட்டியதோ அவரைக் கேட்காமலே அது எழுதப்பட்டது. அவரைக் கேட்காமலே அது நீக்கப்பட்டது. அங்கேதான் கொடுமை இருந்தது.

இன்று ஊவாவின் லயங்களிலும் கைத்தொலைபேசி உண்டு. துண்டை வாசிக்க இயலாதவர்களின் பேரப்பிள்ளைகள் தமிழிலே செய்தி எழுதுகின்றனர். தான் எழுதியதைத் தானே அழிக்கும் ஆற்றல் முதன்முறையாக அவர்கள் விரல்நுனிக்கு வந்துள்ளது. கோபத்தில் எழுதிய கடுஞ்சொல்லை ஒரு மகள் நீக்கிக்கொள்வாளாயின் அது நன்றே. தோழியர் இருவர் தமக்குள் பேசியதை இருவருமாக அழித்துக்கொள்வதிலும் குற்றமில்லை. ஆயின், வெளிநாட்டு வேலைக்கு இவ்வளவு சம்பளம் என்று முகவர் ஒருவர் செய்தியில் வாக்களித்து, பெண் கையொப்பமிட்ட பின்னர் அச்செய்தியை இரு பக்கமும் நீக்கிவிடுவாராயின் அது பழைய கங்காணிக் கணக்கினின்றும் வேறானதன்று. கைம்மாற்றாகப் பெற்ற பணத்துக்கும் பேசிய நாட்கூலிக்கும் இதுவே பொருந்தும். அத்தகைய வாக்கைப் பெறுவோர் அதனைத் தனியே படியெடுத்து வைத்தல் அறிவுடைமை. வாக்கு ஒருவருடையதாயினும் அதனை நம்பி நடப்பவர் மற்றவர்.

தீர்ந்த கடனின் எழுத்து அழியவேண்டும். கொடுத்த வாக்கின் எழுத்து நிற்கவேண்டும். முன்னதை அழிக்குமாறு கேட்கவும் பின்னதை அழியாது காக்கவும் எளியோர்க்கு உரிமை வேண்டும். பதுளைக் கல்தூணை அன்று நிறுவச் செய்தது ஹோப்பிட்டிகம மக்களின் முறையீடு. ஆயிரம் ஆண்டுகள் கடந்தும் அவ்வெழுத்து அழியாது நிற்கின்றது.