எட்டுப் போட்டால் போதுமா?

வேடசந்தூரிலிருந்து திண்டுக்கல்லுக்குச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை (முன்பு 7, இன்று 44) பெரும்பாலும் நேரானது. திண்டுக்கல்லைக் கடந்து சிறுமலை ஏறினால் 18 கொண்டை ஊசி வளைவுகள். சமவெளிச் சாலையில் பழகி மலைச்சாலையில் விழுந்த என் மாணவர் ஒருவரே இக்கட்டுரைக்குக் காரணம்.

கையில் கட்டுடன் வகுப்புக்கு வந்த அவர் சொன்னார்: "வேகமாப் போகலைங்கய்யா. வளைவுல வண்டி முதல்ல சாய மாட்டேன்னுச்சு. அப்புறம் பொத்துனு உள்ள விழுந்துச்சு. பயந்து பிரேக்கைப் பிடிச்சேன்."

பட்டறையில் அவ்வண்டியின் பின்டயரைப் பார்த்தேன். ஓரங்கள் புதிது போலிருக்க, நடுப்பகுதி பலகை போலத் தட்டையாகத் தேய்ந்திருந்தது. நாள்தோறும் நேர்ச்சாலையில் ஓடிய டயர் அப்படித்தான் தேயும். உருண்டையான டயர் சீராகச் சாயும். தட்டையான டயரோ விளிம்பு வரை அடம்பிடித்து, விளிம்பைத் தாண்டியதும் சட்டென்று சரியும். மைலேஜ் கிடைக்கும் என்று அளவுக்கு மேல் காற்றடிப்பது இத்தேய்மானத்தை விரைவுபடுத்தும். ஒரு சக்கரம் சாலையைத் தொடும் இடம் நம் உள்ளங்கை அளவே என்பதை நினைத்தால், இதன் தீவிரம் புரியும்.

ஆனால் பழி முழுவதும் டயருக்கன்று. வளைவில் திரும்ப அவருக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்? ஓட்டுநர் உரிமத் தேர்வில் அவர் எட்டுப் போட்டுக் காட்டியவர்தான். எட்டு என்பது நடைவேகத்தில் போடுவது. அங்கே திரும்பும் பக்கமே ஹேண்டில்பாரைத் திருப்புகிறோம். வேகம் கூடியபின் நடப்பது வேறு. வலப்புறம் சாய வேண்டுமானால் வலக்கைப் பிடியை முன்னோக்கித் தள்ள வேண்டும். சக்கரம் ஒரு கணம் இடப்புறம் திரும்ப, வண்டி வலப்புறம் சாய்கிறது. இதற்குத் தமிழில் நிலைபெற்ற சொல் இருப்பதாகத் தெரியவில்லை. எதிர்த்திருப்பம் எனலாமா?

இவ்வறிவு புதிதன்று. ஸ்காட்லாந்துப் பொறியியல் அறிஞர் ராங்கின் 1869இலேயே மிதிவண்டியை முன்வைத்து இதை எழுதிவிட்டார். விமானம் கண்ட வில்பர் ரைட் மிதிவண்டி வணிகர் என்பது நாமறிந்ததே. எப்படித் திரும்புகிறீர்கள் என்று பலரைக் கேட்ட அவர், எவரும் முதலில் சரியான விடை சொல்லவில்லை என்று குறிப்பிட்டிருக்கிறார். உடல் செய்வதை மனம் அறிவதில்லை. அதனால்தான் அச்சம் வந்தவுடன் உடலும் மறந்துவிடுகிறது.

தமிழகத்து மோட்டார்ப் பந்தய வரலாறும் ஒருவகையில் நேர்ப்பாதையில் தொடங்கியதே. 1953இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், உலகப்போர்க் காலத்துச் சோழவரம் விமான ஓடுபாதையில் பல்லாண்டுகள் பந்தயம் நடத்தியது. அது விமானங்களுக்காக அமைந்த தளம். வளைவுகளைத் திட்டமிட்டு அமைத்த பந்தயக்களம், திருப்பெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1990ஐ ஒட்டித்தான் வந்தது. அதன் நீளம் ஏறத்தாழ 3.7 கி.மீ.

இதற்கிடையே அமெரிக்கரான கீத் கோட், வளைவில் ஓட்டுவதை ஒரு பாடமாகவே வகுத்தார். 1980இல் கலிஃபோர்னியா சூப்பர்பைக் பள்ளியைத் தொடங்கினார்; அவருடைய 'எ ட்விஸ்ட் ஆஃப் தி ரிஸ்ட்' 1983இல் வெளிவந்தது. அவர் பாடத்தின் சாரம் எளியது. வேகத்தை வளைவுக்கு முன்பே குறை. வெளியேறும் இடத்தைப் பார். ஒரே முறையில் திருப்பு. பின் ஆக்ஸிலேட்டரைச் சீராகத் திற. திறந்தால் பாரம் பின்னோக்கி நகர்ந்து, முன்சக்கரத்தில் 40, பின்சக்கரத்தில் 60 விழுக்காடு என்ற அளவை நெருங்கும். இடையில் அஞ்சிப் பிரேக்கை அழுத்தினால் பாரமெல்லாம் முன்சக்கரத்தில் விழுகிறது. என் மாணவருக்கு நேர்ந்ததும் இதுவே. 2010களில் அப்பள்ளி இருங்காட்டுக்கோட்டையிலும் வகுப்புகள் நடத்தியது.

டயர்த் தொழில் நமக்கு இன்னும் அருகில் இருக்கிறது. 1982இல் தொடங்கிய டி.வி.எஸ். ஸ்ரீசக்ரா, மதுரையை அடுத்த வெள்ளரிப்பட்டியில் இருசக்கர வாகன டயர்களைச் செய்கிறது. டயர் ஊருக்கு வந்துவிட்டது. அதைச் சாய்க்கும் அறிவு பந்தயக்களத்திலேயே நின்றுவிட்டது. பந்தய வீரர் காற்றைக் குறைப்பதைப் பார்த்து நம் இளைஞர்களும் குறைக்கிறார்கள். பந்தய டயர் கடுமையாகச் சூடேறி அழுத்தம் உயரும் என்பதால் செய்யப்படுவது அது, ஊர்ச்சாலைக்கு உரியதன்று. வண்டியில் ஒட்டியுள்ள அளவை, காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது சரிபார்ப்பதே முறை.

கட்டுப் பிரித்தபின் என் மாணவர் முதலில் புது டயர் மாற்றினார். பிறகு, ஆளில்லாத வெற்றுத்திடலில் மிதமான வேகத்தில் பிடியை மெல்லத் தள்ளிப் பார்த்திருக்கிறார். மறுநாள் வியப்போடு சொன்னார்: "இத்தனை வருசமா இதைத்தான் செஞ்சுக்கிட்டு இருந்திருக்கேன், தெரியாமலே!"

எட்டுப் போடச் சொல்லும் தேர்வில், இந்த ஒரு பாடத்தையும் சேர்த்தால் என்ன?