வலைப்பந்தாட்டமும் எங்கள் பெண்களும்: மைதானத்தை வளர்த்த உறவுகள்

வலைப்பந்தாட்டமும் எமது பழைய மாணவிகள் சங்கமும் ஏறக்குறைய ஒரே வயதுடையவை. கண்டிப் பெண்கள் உயர்தரப் பாடசாலையின் பெண் சாரணியர் 1927ஆம் ஆண்டில் ஆடிய ஆட்டமே இலங்கையின் முதலாவது வலைப்பந்தாட்டமாகப் பதிவாகியுள்ளது. நூறு ஆண்டுகள் நிறைவுபெறும் இவ்வேளையில், இந்த விளையாட்டு எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகளின் வாழ்வில் எப்படி இடம்பிடித்தது என்பதை எழுதித்தருமாறு மலர்க்குழுவினர் கேட்டுக்கொண்டனர். வெற்றி பெற்றோரின் பெயர்கள் அதிபர் அறைக் கேடயங்களில் இருக்கின்றன. அந்தக் கேடயங்களில் இடம்பெறாதவர்களைப் பற்றியும் எழுத வேண்டும் என்பது என் விருப்பம்.

கடல் கடந்து வந்த விளையாட்டு

அமெரிக்காவில் 1891இல் தோன்றிய கூடைப்பந்தாட்டம் சில ஆண்டுகளில் இங்கிலாந்தின் மகளிர் உடற்பயிற்சிக் கல்லூரிகளுக்குப் போய்ச் சேர்ந்தது. கால்வரை நீண்ட பாவாடை அணிந்த பெண்கள் ஓடி ஆடுவதற்கு ஏற்ப அங்கே விதிகள் மாற்றப்பட்டன. பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவது தடைசெய்யப்பட்டது. மைதானம் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு ஒவ்வொருவருக்கும் எல்லை வகுக்கப்பட்டது. 1901இல் விதிகள் நூலாக வெளிவந்தன. பிரித்தானியப் பேரரசின் பாதைகளில் பயணித்த ஆசிரியைகளோடு இந்த ஆட்டமும் நாடு நாடாகப் பரவியது.

எங்கள் மண்ணில் அதற்கான நிலம் முன்னரே பண்பட்டிருந்தது. உடுவில் மகளிர் கல்லூரி 1824இலும், சுண்டுக்குளி மகளிர் கல்லூரி 1896இலும், மருதனார்மடம் இராமநாதன் கல்லூரி 1913இலும் தொடங்கப்பட்டவை. பெண்பிள்ளை வீட்டு வாசலைத் தாண்டிப் படிக்கப் போகலாம் என்ற எண்ணத்தை ஊர் ஏற்றுக்கொள்ளவே தலைமுறைகள் சென்றன. அவள் பலர் பார்க்கும் மைதானத்தில் ஓடலாம் என்பதை ஏற்றுக்கொள்ள இன்னும் கொஞ்சக் காலம் எடுத்தது. மதிலுக்கு உட்பட்ட முற்றத்தில், பெண் ஆசிரியையின் கண்காணிப்பில் ஆடக்கூடியதாக இருந்தமையே வலைப்பந்தாட்டத்துக்கு மகளிர் பாடசாலைகளின் கதவைத் திறந்தது எனலாம்.

நம் நாடு இவ்விளையாட்டின் உலக வரலாற்றிலும் இடம்பெற்றிருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. அதுவரை நாட்டுக்கு நாடு வேறுபட்டிருந்த விதிகளை ஒன்றாக்கி, சர்வதேசச் சம்மேளனத்தை அமைத்த மாநாடு 1960இல் இலங்கையில்தான் நடைபெற்றது. மூன்று ஆண்டுகளின் பின்னர் இங்கிலாந்தின் ஈஸ்ட்போர்னில் நடந்த முதலாவது உலகப் போட்டியில் இலங்கை அணியும் பங்குபற்றியது.

மூன்று விநாடிக்குள் கைமாற வேண்டும்

விளையாடாத சகோதரிகளுக்காக விதிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஓர் அணியில் எழுவர். பந்தைப் பிடித்தவர் அதை மூன்று விநாடிக்கு மேல் வைத்திருக்க முடியாது. பந்தோடு ஓட முடியாது. பத்தடி உயரத்தில் இருக்கும் வளையத்துள் பந்தைப் போடும் உரிமை கோல் சூட்டர், கோல் அற்றாக் ஆகிய இருவருக்கு மட்டுமே உண்டு. மற்ற ஐவரும் ஆட்டம் முழுவதும் எவ்வளவுதான் திறமை காட்டினாலும் அவர்களுடைய பெயரில் ஒரு புள்ளியும் எழுதப்படாது.

நான் விங் டிபென்ஸ் விளையாடியவள். மைதானத்தில் மிகக் குறைவாகப் பேசப்படும் இடம் அதுதான். ஆனாலும் எங்கிருந்து பந்து வரும், யாரிடம் போக வேண்டும் என்பதை முன்கூட்டியே ஊகிக்கும் பழக்கம் எனக்கு அங்கேதான் வந்தது. அவசர சிகிச்சைப் பிரிவில் இரவுக் கடமையில் நிற்கும்போது அந்தப் பழக்கம் இன்றும் கைகொடுக்கிறது.

ஒரு பிள்ளை மைதானத்துக்கு வர எத்தனை பேர் வேண்டும்?

ஆண்பிள்ளை விளையாடுவதற்குப் பந்தும் வெளியும் போதும். எங்கள் ஊரில் பெண்பிள்ளை விளையாடுவதற்கு ஒரு சங்கிலித்தொடரே வேண்டியிருந்தது. முதலில் அம்மா சம்மதிக்க வேண்டும். "வெயிலில் கறுத்துப் போவாய்", "விழுந்து கையைக் காலை முறித்தால் நாளைக்கு யார் கட்டுவான்" என்ற அம்மம்மாவின் வார்த்தைகளைத் தாண்டி அவர் சம்மதிக்க வேண்டும். பயிற்சி முடிந்து பொழுதுபட முன்னர் பிள்ளையைச் சைக்கிளில் ஏற்றிவர அப்பாவோ அண்ணாவோ வேண்டும். கோட்டப் போட்டியில் வென்றால் வலயம், வலயத்தில் வென்றால் மாகாணம் என்று தூரம் கூடக்கூட, "நான் கூட்டிக்கொண்டு போய் நானே கொண்டுவந்து விடுகிறேன்" என்று படலையில் நின்று வாக்குக் கொடுக்க ஓர் ஆசிரியை வேண்டும்.

எங்கள் உடற்கல்வி ரீச்சர் அப்படி ஒருவர். அவரிடம் விசிலும் குறிப்புப் புத்தகமும் மட்டுமே இருந்தன. அந்தப் புத்தகத்தில் ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்குப் போகும் வழி, வீட்டில் யாரோடு கதைத்தால் காரியம் நடக்கும் என்ற விபரமெல்லாம் இருந்தது. காலையில் சாப்பிடாமல் வந்த பிள்ளை யார் என்பதைப் பார்வையிலேயே கண்டுகொள்வார். மாதவிலக்கு நாட்களில் தயங்கி நிற்பவளைத் தனியாக அழைத்துப் பேசுவார். வீட்டிலேயே பேசத் தயங்கிய அந்த விடயத்தைச் சாதாரணமாகக் கேட்டுத் தெரிந்துகொண்ட முதலாவது பெரியவர் எங்களில் பலருக்கு அவர்தான்.

அடுத்தது மூத்த மாணவிகள். பந்தைப் பிடித்தவுடன் எந்தக் காலை ஊன்றித் திரும்புவது என்பதை ரீச்சர் ஒருமுறை சொல்லித்தந்தார். அதை நூறு முறை செய்விக்கப் பொறுமை இருந்தது உயர்தர வகுப்பு அக்காமாருக்குத்தான். இல்ல மெய்வல்லுநர் போட்டிக் காலத்தில் இல்ல அலங்காரத்துக்குத் தோரணம் பின்னியபடி அவர்கள் சொல்லித்தந்தவை எந்தக் கைநூலிலும் இல்லை. தோற்றுவிட்டு வந்த அன்று யாரோடும் சண்டை பிடிக்கக்கூடாது என்பது அவற்றுள் ஒன்று. தோற்ற அணியின் கையைப் பற்றும்போது முகத்தைப் பார்க்க வேண்டும் என்பது இன்னொன்று.

போர்க்காலத்து மைதானம்

1990ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடை வந்தது. மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் கிடைக்காத ஊரில் புதிய பந்துக்கு எங்கே போவது? கிழிந்த பந்தைச் செருப்புத் தைப்பவர் தைத்துத் தந்தார். சைக்கிள் கடைக்காரர் அதன் உட்பையை ஒட்டிக் காற்றடித்துத் தந்தார். இருவருமே எங்களிடம் பணம் வாங்கியதாக எனக்கு நினைவில்லை. விமானச் சத்தம் கேட்டால் பந்தை விட்டுவிட்டுப் பதுங்குகுழிக்கு ஓடினோம். சத்தம் அடங்கினால் விட்ட இடத்திலிருந்து தொடங்கினோம். இந்த நிலையிலும் பயிற்சியை நிறுத்தாத ஆசிரியைகளைச் சிலர் குறைகூறினார்கள். மரணத்தைத் தவிர வேறெதையும் பேசாத நாட்களில், நாளை பிற்பகல் மூன்று மணிக்குச் செய்ய ஒரு வேலை இருக்கிறது என்ற எண்ணம் ஒரு பதின்வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு பெரிய பிடிமானம் என்பதை இன்று மருத்துவராக என்னால் சொல்ல முடியும்.

1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழுந்து நடந்தது. தென்மராட்சியிலும் வடமராட்சியிலும் வன்னியிலும் அணி சிதறியது. 1996இல் திரும்பி வந்தவர்களால் ஓர் அணியை நிரப்ப முடியவில்லை. சிலர் வன்னியிலேயே தங்கிவிட்டார்கள், சிலர் கொழும்புக்கும் அங்கிருந்து கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போனார்கள், சிலர் இன்று எங்களோடு இல்லை. ஊரடங்குக்கு முன் வீடு சேர வேண்டியிருந்ததால் பயிற்சி நேரம் பாதியானது. கீழ்ப்பிரிவுப் பிள்ளைகளை மேலே ஏற்றி, அவர்களுக்குப் பழக்கிக்கொண்டே நாங்களும் ஆடினோம். அந்தப் பிள்ளைகள் அடுத்த தொகுதியைப் பழக்கினார்கள். ஏடுகளும் கேடயங்களும் தொலைந்துபோன பாடசாலையில் விளையாட்டு தொலையாமல் இருந்ததற்கு இந்தக் கைமாற்றமே காரணம்.

ஏவிநையிலிருந்து லிவர்பூல் வரை

இந்த மண்ணிலிருந்து புறப்பட்டு உலகம் அறிந்தவர் தர்ஜினி சிவலிங்கம். புன்னாலைக்கட்டுவன், ஏவிநையைச் சேர்ந்தவர். உயரம் 208 சென்ரிமீற்றர். திருமணப் பேச்சிலிருந்து பஸ் பயணம் வரை உயரமான பெண்ணை ஒரு மாதிரிப் பார்க்கும் சமூகத்தில், அந்த உயரத்தைப் பெருமையாக மாற்றிக்காட்டியவர். 2018இல் சிங்கப்பூரில் நடந்த ஆசிய வலைப்பந்தாட்ட இறுதிப்போட்டியில் இலங்கை, சிங்கப்பூரை 69க்கு 50 என வென்றது. 2019இல் லிவர்பூலில் நடந்த உலகக் கிண்ணத்தில் 348 கோல்களுடன் அதிக கோல்கள் போட்ட வீராங்கனையானார் தர்ஜினி. அவருடன் தேசிய அணியில் ஆடிய எழிலேந்தினி சேதுகாவலரும் வடபுலத்தவரே.

வளையத்தின் உயரம் 305 சென்ரிமீற்றர். தர்ஜினியின் தலைக்கு மேல் இன்னும் ஒரு மீற்றர்கூட இல்லை. ஆனால் அந்த உயரத்துக்குப் பந்து போய்ச்சேர வேண்டுமே! எதிரணியினர் இருவர் கை நீட்டி மறிக்க, அவர்களுக்கு மேலால், தர்ஜினியின் விரல்களுக்கு மட்டும் எட்டும்படி பந்தை எறிவது இலேசான வேலையல்ல. அந்த 348 கோல்களின் பின்னால் சிங்களமும் தமிழும் பேசிய சகவீராங்கனைகளின் கைகள் இருந்தன. நாட்டின் மேடைகளில் நல்லிணக்கம் பேசப்பட்ட அளவுக்கு நடைமுறையில் காணக் கிடைக்கவில்லை. அந்த மைதானத்தில் மூன்று விநாடிக்கு ஒருமுறை ஒருவரையொருவர் நம்ப வேண்டியிருந்தது.

தனிநபர் விளையாட்டிலும் இதே கதைதான். போர்க்காலத்தில் சொந்த வளாகத்தை விட்டு நீண்ட காலம் இடம்பெயர்ந்திருந்த தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியில் படித்த அனித்தா ஜெகதீஸ்வரன், கோலூன்றிப் பாய்தலில் 2017ஆம் ஆண்டு 3.55 மீற்றர் உயரத்தைத் தாண்டித் தேசிய சாதனை படைத்தார். கோலும் மெத்தையும் அரிதான ஊரில் அந்த விளையாட்டைத் தேர்ந்தெடுக்கப் பிள்ளைக்குத் துணிவு வேண்டும். அவள் தலைகீழாக மேலெழும்போது கீழே நிற்கும் பயிற்றுநரில் நம்பிக்கை வேண்டும். பெண்பிள்ளையை அந்தப் பயிற்சிக்கு விட வீட்டாருக்கும் அதே நம்பிக்கை வேண்டும்.

மருத்துவராக இரண்டு வார்த்தை

மனித எலும்பின் உறுதியில் பெரும்பகுதி இருபது வயதுக்கு முன்னரே சேர்ந்துவிடுகிறது. குதித்து ஓடி ஆடும் பெண்பிள்ளை, அறுபது வயதில் இடுப்பு முறியாமல் இருப்பதற்கான முதலைப் பதின்மூன்று வயதில் வைப்பிலிடுகிறாள். அதே வேளை, திடீரென நின்று திரும்பும் இந்த விளையாட்டில் முழங்கால் மூட்டின் தசைநார் அறுபடும் அபாயமும் உண்டு. முழங்காலை மடித்து மெதுவாகத் தரையிறங்கப் பழக்கினால் அந்த அபாயம் குறையும். பழக்க ஆள் வேண்டும். களைத்து விழும் பிள்ளையை "சோம்பேறி" என்று திட்டுவதற்கு முன் இரத்தச்சோகை இருக்கிறதா என்று பார்க்கவும் ஆள் வேண்டும். ஒருவர் அருகில் இருந்து கவனிக்காமல் இவை எதுவும் நடக்காது.

சங்கத்தின் முன் உள்ள பணி

இன்று மைதானம் அன்றைவிட நன்றாக இருக்கிறது. பந்துக்குப் பஞ்சமில்லை. புலம்பெயர்ந்த சகோதரிகள் அனுப்பிய சீருடைகளும் வெற்றிக் கிண்ணங்களும் உள்ளன. ஆனால் சாதாரணதரப் பரீட்சை நெருங்கும்போது பிள்ளைகள் ஒவ்வொருவராக விலகுகிறார்கள். பிற்பகல் மூன்று மணிக்கு ரியூசன் தொடங்கிவிடுகிறது. ஆறு மணிக்குப் பின் பிள்ளையை யார் கூட்டிவருவது என்ற கேள்விக்கு, சைக்கிளில் வந்த அப்பாக்களின் காலத்தில் இருந்த விடைகூட இன்று பல வீடுகளில் இல்லை. உயர்தர வகுப்பு அக்கா மைதானத்துக்கு வராவிட்டால் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. போர் அறுக்காத சங்கிலி இங்கே அறுந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

ஆகவே நூற்றாண்டு நிதியில் ஒரு பங்கை மனிதர்களுக்கு ஒதுக்குவோம் என்று வேண்டுகிறேன். தூரத்துப் போட்டிகளுக்குப் பஸ் செலவும், அணியோடு கூடச்செல்ல ஒரு பழைய மாணவியும் வேண்டும். பயிற்சி நாட்களில் கடலையோ பயறோ அவித்துக் கொடுக்க ஏற்பாடு வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை எல்லாப் பிள்ளைகளுக்கும் இரத்தப் பரிசோதனை செய்ய எங்கள் தொகுதியின் மருத்துவர்கள் சிலர் முன்வந்திருக்கிறோம். பயிற்றுநர் யாராக இருந்தாலும், பிள்ளை தன் மனக்குறையைத் தயங்காமல் சொல்லக்கூடிய ஒரு பெண் அணிக்கு வெளியே இருக்க வேண்டும். பயிற்சியைப் பரீட்சை அட்டவணையோடு பொருத்துவது பற்றிப் பெற்றோருடன் உட்கார்ந்து பேச வேண்டும். பெற்றோரில் பலர் எங்கள் பழைய மாணவிகள்தானே.

ரொறன்ரோவிலும் இலண்டனிலும் மெல்போர்னிலும் கொழும்பிலும் இருந்து இம்மலரை வாசிக்கும் சகோதரிகளே, உங்களுக்குப் பந்து எறியப் பழக்கிய அக்காவின் பெயர் உங்களுக்கு இன்னும் நினைவிருக்கும். அதை எழுதிச் சங்கச் செயலாளருக்கு அனுப்புங்கள். தொலைந்த ஏடுகளுக்குப் பதிலாக அந்தப் பெயர்களைக் கொண்டு புதிய ஏடொன்றைத் தொடங்குவோம். ஊருக்கு வரும்போது ஒரு பிற்பகலாவது மைதானத்துக்கு வாருங்கள். மூன்று மணிக்குப் பிள்ளைகள் அங்கே இருப்பார்கள்.