வலது பக்கம் யாருக்கு?

பிக்கிள்போல் இரட்டையர் ஆட்டத்தில் ஒரு சோடி கோர்ட்டுக்குள் இறங்கியதும் பேசாமலே ஒரு முடிவு நடந்துவிடும். நல்லா அடிக்கிற ஆள் இடது பக்கம், மற்ற ஆள் வலது பக்கம். ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆடினால் வலது பக்கம் பெரும்பாலும் பெண்ணுக்கு. இது எங்கிருந்து வந்தது? விதிப்புத்தகத்தில் தேடினால் கிடைக்காது.

1965 கோடையில் அமெரிக்காவின் வொஷிங்டன் மாநிலத்தில், பெயின்பிரிட்ஜ் தீவில் பிறந்த விளையாட்டு இது. ஜோயல் பிரிச்சர்டும் நண்பர் பில் பெல்லும், சலித்துப்போயிருந்த வீட்டாருக்காக, ஒரு பழைய பட்மிண்டன் கோர்ட்டில் மேசைப்பந்து மட்டைகளையும் துளை போட்ட பிளாஸ்டிக் பந்தையும் வைத்துத் தொடங்கினார்கள். வலையை 36 அங்குலத்துக்கு இறக்கினார்கள். பிறகு பார்னி மெக்கலமும் சேர, விதிகள் ஒழுங்காகின.

பட்மிண்டனிடமிருந்து வந்தது 44 அடி நீளமும் 20 அடி அகலமும் கொண்ட கோர்ட் மட்டும் இல்லை, எண்ணும் முறையும்தான். சேர்வ் பண்ணுகிற அணிக்குத்தான் பொயின்ட். அணியின் புள்ளி இரட்டை எண் என்றால், அந்த அணியில் முதலில் சேர்வ் செய்தவருக்குரிய இடம் வலது பக்கம். ஒற்றை எண் என்றால் இடது பக்கம். பட்மிண்டன் 2006இல் இந்தப் பழைய முறையைக் கைவிட்டது. பிக்கிள்போலில் அது இன்னும் பரவலாக இருக்கு. ஆக, விதியைப் பொறுத்தவரை வலது பக்கம் என்பது வெறும் இரட்டை எண். அதில் பலமும் இல்லை, பலவீனமும் இல்லை.

பிறகு எப்படி அது 'மற்ற ஆளின்' இடமானது? இரண்டு பேரும் வலக்கைக்காரர் என்றால், இடது பக்கம் நிற்பவரின் ஃபோர்ஹாண்ட் கோர்ட்டின் நடுவுக்கு வருகிறது. வலது பக்கம் நிற்பவருக்கு நடுவில் இருப்பது பாக்ஹாண்ட். அதனால் நடுவால் வரும் பந்துகளில் அதிகம் இடது ஆளுக்குப் போகின்றன. விதியும் இடம் கொடுக்கிறது: சேர்வ் பண்ணுபவரும் அதை எடுப்பவரும் சரியான ஆட்களாக, சரியான பக்கத்தில் இருந்தால் போதும். அவர்களின் சோடிகள் எங்கேயும் நிற்கலாம். இதைப் பயன்படுத்தி, புள்ளி எதுவானாலும் தங்கள் தங்கள் பக்கத்துக்கே போய்விடுவதுதான் 'ஸ்டாக்கிங்'. மாறி மாறி வந்த இடம் இப்படித்தான் ஒருவரின் நிரந்தர இடமாச்சு.

ஆனா வலைக்கு அந்தப் பக்கத்தையும் பாருங்கோ. எங்கட வலது ஆளுக்கு நேரே நிற்பது எதிரணியின் இடது ஆள், அதாவது அவர்களின் பலமான அடிகாரர். அந்த வேகத்தை முதலில் வாங்குவது வலது பக்கம்தான்.

அதுக்கு வேண்டியது பதிலடி இல்லை, மெதுவான கை. வேகமாக வரும் பந்தைத் தணித்து, வலையோரத்து 7 அடி கிச்சனுக்குள் விழுத்த வேண்டும். அங்கே நின்று வொலி அடிக்க முடியாது என்பதால் எதிராளியின் தாக்குதல் நின்றுவிடும். குறுக்கே ஆடுவதும் நல்லது: நடுவில் வலை 34 அங்குலம்தான், குறுக்குத் தூரமும் கூட. சோடி நடுவுக்குள் பாய்ந்தால், அவர் விட்ட இடத்தை நிரப்பத் தயாராக இருக்க வேண்டும். நடுப்பந்து யாருக்கு எண்டு முதலே கதைச்சு வைக்கிறது இரண்டு பேரின் பொறுப்பு.

இதற்குப் பெயர்பெற்றவர் கொலின் ஜோன்ஸ். தம்பி பென் இடது பக்கம் நின்று அடித்து முடிப்பார். அண்ணன் வலது பக்கம் நின்று பொறுமையாகப் பந்தைத் திருப்பிக்கொண்டே இருப்பார். 2024 வரை ஆண்கள் இரட்டையரில் இவர்கள் முன்னணிச் சோடி. கைதட்டல் தம்பிக்கு அதிகம் கிடைத்திருக்கலாம், ஆனால் அண்ணன் தாங்காவிட்டால் அந்த அடிக்கு வாய்ப்பே வந்திராது.

கலப்பு இரட்டையரில் வலது பக்கம் நிற்கும் பெண்ணை நோக்கித்தான் எதிரணி திரும்பத் திரும்ப அடிக்கும். அவர் தாங்கினால் அது யாரின் கண்ணிலும் படாது, ஒன்று தவறினால் எல்லாருக்கும் தெரியும். "நீ ஓரமா நில்லு, நான் பார்க்கிறன்" எண்டு சொல்லும் சோடி, ஆட்டத்தின் கடினமான வேலையை அவரிடம் கொடுத்துவிட்டு அதை வேலை எண்டே கணக்கெடுப்பதில்லை. வலது பக்கம் நிற்கலாம். ஆனால் அது ஆராய்ந்து எடுத்த முடிவாக இருக்கட்டும், யாரோ ஒதுக்கிவிட்ட மூலையாக வேண்டாம்.